நிலைப்பேழைக்குள் நின்ற கணவன்

கதிரவன் தன் கடைசிச் செங்கதிர்களால் கூரைகளைத் தடவிவிட்டு மேற்கே சாய, பணிமனைக் கதவுகள் ஒவ்வொன்றாய் அடைபட, கடைவிளக்குகள் ஒவ்வொன்றாய்க் கண்விழிக்க, பகலெல்லாம் உழைத்துக் களைத்த மாந்தர் முகம் கழுவி நல்லாடை உடுத்துச் சிரிப்பதற்கென்றே சீட்டு வாங்கிக் கூடும் மாலைப்பொழுது அது. நான்கு தெருக்கள் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும் இடத்தில், முகப்பில் சுண்ணாம்பு உதிர்ந்தும் உள்ளே செம்பட்டுத் திரை ஒளிர்ந்தும், முதுமையை ஒப்பனையால் மறைத்த கிழவிபோல் நாடக அரங்கு ஒன்று நின்றது. படிப்பவரே, சிரிக்க வருகிறவர்களை எளிதில் நம்பிவிடாதீர். பிறருடைய வயிற்றெரிச்சல்தான் அவர்களுக்குத் தீனி.

அன்று அரங்கேற இருந்தது பழைய காதல் நகைச்சுவை நாடகம். தந்தை வெளியூர் சென்றதாய் நம்பி ஒருத்தி தன் காதலனை வீட்டுக்கு அழைக்கிறாள்; தந்தையோ துணிமணி வைக்கும் ஆளுயர நிலைப்பேழைக்குள் ஒளிந்திருந்து, காதலன் மோதிரம் அணிவித்ததும் வெளிப்பட்டு வாழ்த்துகிறான். கதை அவ்வளவே. நெடுங்காலம் அக்காதலனாய் நடித்தவனை, அவன் குரலை வைத்து எல்லாரும் வெண்கலம் என்றே அழைத்தனர். காதலியாய் நடித்தவள் அவன் மனைவி. இருவரும் தோளோடு தோள் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் நோக்காமல், இருளில் கிடக்கும் கடைசி வரிசையை நோக்கியே காதல் மொழிவர். அதுவே அக்குழுவின் பழைய முறை. இப்போது வெண்கலத்தின் தலை நரைத்துவிட்டது. மனைவிக்கோ வயது பத்துக் குறைவு; ஒப்பனை இன்னொரு பத்தைத் தின்றது. ஆகவே அவள் காதலியாகவே நிற்க, அவனுக்குத் தந்தை வேடமும் பேழையும் வாய்த்தன. காதலன் வேடத்துக்குத் தோள் அகன்ற இளைஞன் ஒருவன் வந்து சேர்ந்தான்.

ஒத்திகையின்போதே புதிய இயக்குநர் பழைய முறையைத் தூக்கி எறிந்தார்.

"மூஞ்சியைப் பாக்காம காதல் பேசினா இப்ப யாருங்க நம்புவாங்க? ரெண்டு பேரும் பாத்துக்கங்க. நல்லா பாருங்க."

"அப்போ கடைசி வரிசைக்குக் குரல் எப்படிப் போகும்?" என்றான் வெண்கலம்.

"அதுக்குத்தான் மைக் இருக்கே, ஐயா."

அன்றே அவன் நெஞ்சில் பற்றிய பொறி, மனைவியின் வெந்நீர்க் குடுவை இளைஞன் கைக்குப் போனதும் கொழுந்துவிட்டது.

"அவனுக்கு எதுக்குடி வெந்நீர்?"

"தொண்டை கட்டியிருக்குன்னு சொன்னான், குடுத்தேன்."

"எனக்கு என்னிக்காவது குடுத்திருக்கியா?"

"உங்க தொண்டை என்னிக்குங்க கட்டியிருக்கு? கட்டியிருந்தா தெருவே நிம்மதியா தூங்கியிருக்குமே."

அரங்கேற்றத்தன்று பேழைக்குள் வியர்த்து நின்ற வெண்கலம், கதவின் இடுக்கில் கண்ணைப் பதித்தான். இளைஞன் ஏதோ சொல்ல, அவள் விழி உயர்த்தி அவனை நோக்கினாள். முதல் மழையைக் கண்ட நிலம்போல் நெகிழ்ந்த அப்பார்வையை வெண்கலம் தன் வாழ்நாளில் கண்டதில்லை. அது இன்றுதான் பிறந்ததா? அல்லது இத்தனை காலமும் தன் தோளருகிலேயே நின்றிருந்து, தான் திரும்பாததால் வீணாய்ப் போனதா? இரண்டில் எது உண்மையாயினும் பொறுக்க முடியாதவனாய், மோதிரம் வெளிவருமுன்பே கதவை உதைத்துத் திறந்து பாய்ந்தான்.

"போதும்டி! அவன்மேலருந்து கண்ணை எடு!"

எழுதப்படாத அச்சொல் கேட்டு அரங்கம் ஒருகணம் மூச்சடக்கியது. அவள் மட்டும் அசையாமல், "அப்பா! நீங்க இன்னும் ஊருக்குக் கிளம்பலையா?" என்றாள். கூரை இடிந்து விழுந்தாற்போல் எழுந்தது சிரிப்பு. திரை விழுந்ததும் இயக்குநர் ஓடிவந்து அவனைத் தழுவி, இனி நாள்தோறும் அப்படியே பாயவேண்டும் என்றார்.

பாய்ந்தான். மாலைதோறும் அவன் உண்மையாகவே வெந்தான். கூட்டம் உண்மையாகவே சிரித்தது. ஆனால் எரிச்சலும் பழகினால் தொழிலாகிவிடும் போலும். திங்கள் சில சென்றபின் ஒருமாலை, அவன் இடுக்கில் கண்வைக்கவும் மறந்து, மரத்துப்போன முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். உரிய நொடியில் வெளிவந்து உரிய சொல்லைச் சொன்னான். ஒருவரும் சிரிக்கவில்லை.

கூட்டம் கலைந்தபின், அரங்கை நோக்கித் திறந்திருந்த ஒப்பனை அறையில், கண்ணாடிமுன் அமர்ந்து முகச்சாயம் துடைத்துக்கொண்டிருந்தாள் மனைவி.

"என்ன ஆச்சு உங்களுக்கு?"

"ஏன்? சரியான நேரத்துக்குத்தானே வந்தேன்."

"நேரத்துக்கு வந்தீங்க. கோவம் வரலையே."

"தினமும் பாக்கிறதுதானே. பழகிப்போச்சு."

அவள் துணியைக் கீழே வைத்தாள். பிறகு குடுவையை எடுத்து, வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்த இளைஞனுக்குக் கேட்கும்படி, "தம்பி, வெந்நீர் வேணுமா?" என்றாள்.

வெண்கலம் வாயிலுக்குப் பாய்ந்தான். "ஒண்ணும் வேணாம்! நீ கிளம்புடா!" ஒலிவாங்கி ஏதுமின்றி எழுந்த அம்முழக்கம், ஆளற்ற அரங்கின் கடைசி வரிசைவரை சென்று மோதித் திரும்பியது.

அவள் விழி உயர்த்தினாள். முதல் மழையைக் கண்ட நிலத்தின் அதே நெகிழ்ச்சி கண்ணாடிக்குள்ளிருந்து அவன் முதுகையே நோக்கி நின்றது. அவனோ, பழைய முறைப்படி, திரும்பாமல் கடைசி வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.