தொலையாத ஃபைல்

நான் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் தொழிலில் ஒரே பாடம்தான்: ஓடும் சத்தம் மாறினால் முதலில் மெயினை அணை, பிறகு யோசி. பதினாறு வருடமாக அப்படித்தான் பிழைப்பு ஓடுகிறது. அதையே பிரசவ வார்டிலும் செய்தேன் பாருங்கள், அங்கேதான் என் புத்தி புல் மேயப் போயிருந்தது.

நான்கு வருடம் முன்பு, மகள் பிறந்த அன்று, மனைவிக்குப் பத்து மணி நேரமாக வலி. மதியத்துக்கு மேல் அவளுடைய அலறல் திடீரென்று வேறு மாதிரி ஆனது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்து நிதானமாகத்தான் சொன்னார்: இரண்டு உயிருக்கும் ஆபத்தில்லை, இன்னும் இரண்டு மணி நேரம் பார்க்கலாம், உங்கள் மனைவியும் அதையே கேட்கிறார், முடியாது என்றால் ஆபரேஷன், பேசி முடிவு செய்யுங்கள். நான் உள்ளே போய் அவள் காதருகே குனிந்து, பிள்ளைக்குத் துடிப்பு இறங்குகிறதாம் என்றேன். பச்சைப் பொய். மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டாள்.

அன்று மாலையே உண்மையைச் சொல்லியிருக்கலாம். குழந்தை கொழுகொழுவென்று இருந்தது, எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு மகளுக்கு ஒரு சளி பிடித்தால்கூட, தான் ஆபரேஷன் வேண்டாமென்று இழுத்தடித்து வயிற்றிலேயே அதற்கு மூச்சு முட்ட வைத்ததால் வந்தது என்பாள் மனைவி. நான் கல்லுளிமங்கனாகத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்போது அவளுக்கு எட்டாம் மாதம். புது டாக்டரம்மா முதல் பிரசவத்தின் ஃபைலைக் கேட்டார். எதற்காக ஆபரேஷன், கர்ப்பப்பையில் எப்படி வெட்டினார்கள் என்று தெரிந்தால்தான் இந்த முறை சுகப்பிரசவத்துக்கு முயலலாமா என்று சொல்ல முடியுமாம். தொலைந்துவிட்டது என்றேன். அது என் ஸ்பேனர் பெட்டியின் அடித்தட்டில் பத்திரமாக இருந்தது. 'சிசுவின் துடிப்பு சீர். குடும்பத்தார் விருப்பம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தால் எந்த மடையன் வெளியே எடுப்பான்?

அடுத்த முறை போனபோது மனைவியே முந்திக்கொண்டாள்.

"ஃபைல் வேணாம் டாக்டர், ஆபரேஷனே பண்ணிடுங்க. எனக்கு ஆசைதான். ஆனா ஒரு தடவை பிள்ளையைக் கொல்லப் பாத்தது போதும்."

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. வெளியே நின்ற வண்டிக்குப் போய், பெட்டியைத் திறந்து, கிரீஸ் படிந்த ஃபைலைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தேன். துடிப்பு இறங்கவே இல்லை, அவள் கத்துவதைக் கேட்க முடியாமல் பொய் சொன்னேன் என்றேன். வெட்கமாக இருந்தது.

டாக்டரம்மா கடைசிப் பக்கம்வரை படித்தார். வெட்டு குறுக்காகத்தான் இருக்கிறது, தாராளமாக முயலலாம், முடிவு உங்களுடையது என்று மனைவியிடம் சொன்னார். அன்றைக்குக் குழந்தைக்கு ஒன்றுமே ஆகவில்லையா என்று மட்டும் அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை என்றார் டாக்டரம்மா. மனைவி மெல்ல என் பக்கம் திரும்பினாள். நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது.

"தினமும் காலையில தலை பின்னும்போது, அம்மாவை மன்னிச்சிடு கண்ணுன்னு அவகிட்ட சொல்லுவேன்," என்றாள். "அதுவும் சரிம்மான்னு தலையாட்டும். நீங்க பக்கத்துல உக்காந்து ஷூ மாட்டிட்டு இருப்பீங்க."