ஒதிலியாவின் சோப்புக் குமிழிகள்

அலாமிதோ பள்ளிக்கூட வளாகத்துக்குள் ஐம்பது வயதைத் தாண்டிய யார் ஸ்பானிஷ் பேசினாலும் வாயிலிருந்து சோப்புக் குமிழி வரும். வெளிவாசலைத் தாண்டிவிட்டால் வராது. அவர்கள் படித்த காலத்தில் அங்கே ஸ்பானிஷ் பேசிய பிள்ளைகளின் வாயைச் சோப்புக்கட்டியால் கழுவிவிடுவார்கள். அந்தச் சோப்பு உள்ளேயே தங்கிவிட்டது என்றார் டாக்டர், ஊரும் அதற்கு மேல் கேட்கவில்லை. வீட்டில் மிளகாய் வறுக்கும்போது ஸ்பானிஷில் ஊரைக் கூட்டுகிறவர்கள் பெற்றோர் கூட்டத்தில் இங்கிலீஷில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நியூ மெக்ஸிகோவில் இப்படி வேறு ஊர்களும் இருக்கலாம், எங்களுக்குத் தெரிந்தது எங்கள் ஊர்தான்.

அதே பள்ளிக்கூடத்தில்தான் காலை முதல் மாலை வரை எல்லாப் பாடமும் ஸ்பானிஷிலேயே நடக்கிற முதல் வகுப்பு தொடங்கியது. பாட்டி தாத்தாவிடம் ஸ்பானிஷ் கேட்டு வளர்ந்த லுசேரோ வீட்டுப் பிள்ளையும் வந்தது, ஸ்பானிஷ் வாடையே அறியாத ஹேஸல் மாதிரிப் பிள்ளைகளும் வந்தார்கள். புத்தகம் வாங்கும் பொறுப்பு நூலகர் ஒதிலியா பாக்காவுடையது. அந்த விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவளுக்கு நினைப்பு. பதிப்பகங்களின் பட்டியலைப் பார்த்து, பிள்ளைகளுக்குப் பழகின டைனோசரும் இளவரசியும் அட்டையில் இருக்கிற, இங்கிலீஷிலிருந்து ஸ்பானிஷுக்கு வந்த மொழிபெயர்ப்புகளாக வாங்கிக் குவித்தாள். பிள்ளைகள் படத்தைப் பார்த்ததும் வீட்டில் கேட்ட கதையை இங்கிலீஷில் கடகடவென்று ஒப்பித்துவிட்டு விளையாடப் போனார்கள். குமிழிக்குப் பயந்து ஒரு புத்தகத்தையும் அவள் வாய்விட்டுப் படித்துக் காட்டவில்லை.

பள்ளி வாரியத் தலைவர் அபெலினோ கின்தானா வந்தார். ஈஸ்டருக்குள் பிள்ளைகள் தாமாக ஒரு ஸ்பானிஷ் புத்தகத்தையாவது கையில் எடுக்காவிட்டால் வகுப்பை மூடிவிடுவதாகச் சொன்னார். கெட்ட மனுஷன் இல்லை. ஒதிலியாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அதே சோப்பைத் தின்றவர்தான்.

"நாம பட்டது போதாதாடி? இதுங்களாவது இங்கிலீஷ்ல பொழச்சுப் போகட்டும்."

"நீ பட்டதுக்கு இதுங்க ஏண்டா ஊமையா இருக்கணும்?"

மறுநாளே மெக்ஸிகோவிலும் கொலம்பியாவிலும் ஸ்பானிஷிலேயே பிறந்த புத்தகங்களுக்கு எழுதிப்போட்டாள். பெட்டி வந்ததும் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து வாயைத் திறந்தாள். முதலில் எடுத்தது நல்லொழுக்கப் புத்தகம். குமிழி உதட்டிலேயே உடைந்தது, பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அடுத்தது கல்யாணத்துக்குப் போய் வாலை மறந்துவிட்டு வந்த கழுதையின் கதை. இரண்டாம் பக்கத்தில் அவளே சிரித்துவிட்டாள். பூசணிக்காய் அளவுக்கு ஒரு குமிழி புறப்பட்டுக் கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. அதுவரை கழிப்பறைக்குப் போக மட்டுமே ஸ்பானிஷ் பேசிய ஹேஸல் எழுந்து நின்று, "இன்னும் படிங்க டீச்சர், கழுதைக்கு வாலு கெடச்சுதா?" என்று ஸ்பானிஷில் கத்தினாள். அதற்குப் பிறகு ஒதிலியா பட்டியலைப் பார்க்கவே இல்லை. குமிழி எழும்பினால் அலமாரிக்கு, உடைந்தால் பெட்டிக்கு. பரிசு வாங்கிய புத்தகம் என்று வாதாடிய பதிப்பக ஆளைப் பெட்டியோடு வழியனுப்பி வைத்தாள். நல்ல மொழிபெயர்ப்புக்கும் எழும்பியது. அதில் அவள் ஓரவஞ்சனை பார்க்கவில்லை.

ஈஸ்டர் வாரத்தில் அபெலினோ உள்ளே வந்தபோது ஒரு பிள்ளையும் தலையை நிமிர்த்தவில்லை. எல்லாம் புத்தகத்துக்குள் கிடந்தன. ஹேஸல் மட்டும் வந்து கழுதைப் புத்தகத்தை அவர் கையில் திணித்தாள்.

"தாத்தா, மெதுவா ஆரம்பிங்க. கழுதை வந்ததும் நல்லாக் கத்தணும், சரியா?"

முதல் குமிழி கடுகளவு. கசந்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தார். ஆனாலும் விடாமல் படித்தார். கழுதையாகக் கத்தியபோது அவர் உயரத்துக்கு ஒன்று கிளம்பி வாசலில் சிக்கிக்கொண்டது. இடைவேளைக்குப் பிள்ளைகள் ஜன்னல் வழியாகத்தான் வெளியேற வேண்டியிருந்தது. அபெலினோ அழுதார், பார்த்திருந்த நாங்களும் அழுதோம். அடுத்த வருஷம் இரண்டாம் வகுப்பும் திறந்தது. அந்த வருஷம் மாதிரி எங்கள் ஊர் நெஞ்சை நிமிர்த்தி நடந்ததில்லை.

இப்போது புதுப் பெட்டி வந்தால் ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் படித்துப் பார்க்க வந்துவிடுகிறார்கள். குமிழி உடைந்து நனைந்த தரையை, வழுக்கும் என்று பலகை வைத்துத் துடைத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். பிள்ளைகளுக்குத்தான் மனக்குறை. கண்ணாடி முன்னால் நின்று தொண்டை கிழிய ஸ்பானிஷ் படித்துப் பார்க்கிறார்கள், ஒன்றும் வருவதில்லை.

"எங்க வாயிலேருந்து மட்டும் ஏன் டீச்சர் வரமாட்டேங்குது?"

"உங்க வாய எவனும் கழுவலடா கண்ணுங்களா" என்றாள் ஒதிலியா. அவர்களுக்கு அது சமாதானமாகப் படவில்லை.