அரசப்பன் முறைத் தண்ணீர்

சாமிதுரை ஞானஸ்நானம் எடுக்கவிருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வாய்க்காலில் தண்ணீர் இல்லை.

நீடாமங்கலத்திலிருந்து சைக்கிளில் வந்த போதகர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் பார்த்தார். கணுக்கால்கூட நனையவில்லை. பாடிக்கொண்டு வந்த சபையார் பாட்டை நிறுத்தாமலே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சாமிதுரைக்கு அழுகையே வந்துவிட்டது. நாற்பத்திரண்டு வருஷப் பாவத்தை இறக்கிவைக்க ஒரு மாதமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தவர் அவர்.

"இது அரசப்பன் வேலைங்க ஐயா. நான் கரையேறுறது அவனுக்குப் பொறுக்கல."

அரசப்பன் கீழ்வயல்காரர். மிராசுதாரின் உபரி நிலம் உழுகிறவனுக்கே என்று இருவரும் ஒரே கொடியைப் பிடித்து, ஒரே தடியால் அடிபட்டவர்கள். சர்க்கார் ஆளுக்கு அரை ஏக்கர் பட்டா கொடுத்தது. அடுத்த சாகுபடியிலேயே தண்ணீர் முறைக்காக இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அரசப்பன் கரைமேல் விறுவிறுவென்று வந்தார். ஞாயிறு காலை அவர் முறை. நடவு முடிந்த வயல் காய்ந்து கிடந்தது. தண்ணீர் எங்கே என்று அவர் கேட்டார். சாமிதுரையும் அதையே கேட்டார். போதகர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்போதுதான் சாமிதுரையின் மனைவி அம்சம் புருஷனின் கால்களைக் கவனித்தாள். புது வேட்டிக்குக் கீழே முழங்கால் வரை ஈரச்சேறு.

"விடியக்காலையில ஜெபம் பண்ணப் போறேன்னுதானே போனீங்க?"

சாமிதுரை குனிந்து பார்த்தார். எல்லாம் நினைவுக்கு வந்தது. வரப்பில் ஜெபித்தபடியே நடந்திருக்கிறார். மனசு பரலோகத்தில் இருந்த நேரத்தில் கை மூன்று வருஷப் பழக்கத்தில் மண்வெட்டியை எடுத்து, வாய்க்காலின் குறுக்கே மண்ணைப் போட்டு, தண்ணீரைத் தம் வயலுக்குத் திருப்பிவிட்டது.

சாமிதுரை அரசப்பன் பக்கம் திரும்பினார்.

"திருடுனது நான்தான், மச்சான். இன்னிக்கி மட்டுமில்ல."

ஓடிப்போய் அடைப்பை வெட்டிவிட்டார். நுரையும் சருகும் ஒற்றைச் செருப்புமாகத் தண்ணீர் வந்து முழங்காலோடு நின்றுவிட்டது. மூழ்கப் போதாது. கீழே அடைத்தால் நிறையும். ஆனால் அரசப்பன் வயலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் தண்ணீர் போகாது. கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

அரசப்பன் தம் வயலை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு வாய்க்காலில் இறங்கித் தாமே மண்ணை வெட்டிப் போட்டு அடைத்தார்.

"நிறையட்டும் ஐயா. நல்லா அமுக்கி எடுங்க. பாதி நனைஞ்சான்னா பாதித் திருட்டு ஒட்டிக்கிட்டே நிக்கும்."

இடுப்பளவு தண்ணீரில் சாமிதுரை மூழ்கினார். எழுந்தபோது மூக்கிலும் காதிலும் தண்ணீர் ஒழுகச் சிரித்தார். சிறைக்கதவு திறந்து வெளியே வந்தவன் சிரிக்கும் சிரிப்பு அது. சபையார் அல்லேலூயா சொல்லி முடிப்பதற்குள், துண்டோடு காத்திருந்த அம்சத்தைத் தாண்டிப் போய்க் கீழடைப்பைக் கையாலேயே பிய்த்து எறிந்தார். தண்ணீர் அரசப்பன் வயலைப் பார்த்து ஓடியது.

"நாளைக்கி என் முறை, மச்சான். அதையும் நீயே பாச்சிக்க."

அரசப்பன் போதகரிடம் மெதுவாக விசாரித்தார்.

"இந்த முழுக்கு வாராவாரம் உண்டுங்களா ஐயா?"

"ஆயுசுக்கு ஒருதரம்தாங்க."

"அடடா," என்று வருத்தப்பட்ட அரசப்பன், தம் துண்டை எடுத்துச் சாமிதுரையின் தலையைத் துவட்டத் தொடங்கினார்.