குளம் தெரியாத படம்

படம் என்னவோ கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலத்தான் இருந்தது. தண்ணீரில் மிதக்கும் முக்குளிப்பான் பறவை. அதன் கண் அத்தனை துல்லியம். பின்னால் பச்சையைக் கரைத்து ஊற்றியது போல ஒரே மங்கல். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க "இப்ப தெளிவா தெரியுதா?" என்று கேட்டே தொண்டை வறண்டுபோகிறவள், இந்த ஒரு படத்துக்காகக் குளக்கரையில் தவமாய்த் தவம் கிடந்திருந்தாள்.

பொறியாளர் நல்ல மனிதர்தான். பஸ் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் குளத்தை மூடி, வண்டி நிறுத்த இடம் செய்வது அவர் வேலை. பறவை கூடு கட்டியிருந்தால் குஞ்சுகள் போகும்வரை பொறுப்பதாக அவரே சொல்லியிருந்தார்.

"அழகா இருக்கும்மா. ஆனா இது எந்தக் குளம்? எங்க வேணா எடுத்திருக்கலாமே. கூடு எங்க? திங்கக்கிழமை மண்ணு கொட்டப்போறோம்" என்றார், அவள் நீட்டிய படத்தைப் பார்த்துவிட்டு.

அவள் முகம் செத்துவிட்டது. கூடு, கரை, சுவர் எல்லாவற்றையும் அவள்தான் மெனக்கெட்டு மங்கலாக்கி, மிச்சத்தை வெட்டியும் எறிந்திருந்தாள். படம் பிடிக்கிறவர்களுக்கே வாய்த்த புத்தி. வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

"விட்டுத்தொலையேன். அதுக்கு வேற குளமா இல்ல?" என்றான் கணவன்.

"முட்டைய இடுப்புல வச்சுக்கிட்டு நடந்து போகுமா? நாளைக்குச் சமையல் உங்களுது. நான் கிளம்பறேன்."

ஞாயிறு காலை சேற்றில் குப்புறப் படுத்தாள். நீண்ட லென்ஸ் பையிலேயே கிடக்கட்டும் என்று குட்டி லென்ஸை மாட்டி, கிட்டத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒன்றாய்த் தெளியும்படி அதன் துளையைச் சுருக்கினாள். அதில் ஒரு சங்கடம்: வெளிச்சம் குறையும், பறவை அசைந்தால் படம் பாழ். பறவையோ அவளைக் கண்டதும் பாசியை இழுத்து முட்டைகளை மூடிவிட்டு முங்கிவிட்டது. மூடிய கூட்டைப் பார்த்தால் வெறும் குப்பைதான். "நீயா நானா பாத்துடலாம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். எறும்பு கழுத்தில் ஏறியபோதும் கை அசையவில்லை.

கடைசியில் அது கூட்டின்மேல் ஏறி வந்து பாசியை விலக்கியது. அவள் கேமராவை மெல்ல நகர்த்தி, பறவையைப் படத்தின் கீழ் மூலைக்குத் தள்ளினாள். மேலே மண்வாரி இயந்திரம், பணிமனைச் சுவர், பெயர்ப்பலகை. முட்டைகளைப் பார்த்தபடி பறவை ஒரு கணம் அசையாமல் நின்றது. அழுத்திவிட்டாள்.

திங்கள் காலை பொறியாளர் கண்ணைச் சுருக்கினார். "இது நம்ம மண்வாரிதான? இந்தக் குப்பை மேல என்ன?"

"பெரிசு பண்ணிப் பாருங்க சார்."

பெரிதாக்கினார். பறவை, காலடியில் வெள்ளை முட்டைகள். பிறகு போனை எடுத்து, "வண்டிய வெளிய எடுத்துடுப்பா. இப்போதைக்கு வேலை வேணாம்" என்றார்.

அவள் எழுந்தபோது நிறுத்தினார். "தப்பா நினைக்காதம்மா. முதல் படம்தான் அழகு. இது சுமார்தான்."

"ரொம்ப சுமார் சார்" என்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்துவிட்டன.