காலி என்று எழுதிய அறுபது கதவுகள்

“இல்லடி, மொத்த சனமும் இங்க வந்துட்டா அங்க கதவத் தெறக்க யாரு இருக்கா?” என்று அம்மா மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

“அதான் எதில்பெர்த்தோ மாமா இருக்காருல்ல. வரப்பப் பாரும்மா” என்றேன், குனிந்தபடியே.

ஞாயிற்றுக்கிழமை, இன்னும் விடியவில்லை. ஈக்கா பாலைவனத்தில் அந்த நேரத்துக் குளிர் நகக்கண்ணுக்குள் ஏறும். வெள்ளை ஆஸ்பராகஸ், மணலுக்குள்ளேயே வளர்கிற தண்டுக் காய், வெயிலைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் ஊதா நிறமாகிவிடும், வெளிநாட்டுக்காரன் வாங்கமாட்டான். அதனால் மணல் வரப்பில் மயிரிழை வெடிப்பு தெரிந்ததுமே விரலால் துழாவி, நீளக் கத்தியைச் செருகி, கண்ணுக்குத் தெரியாத தண்டை அடியோடு வெட்ட வேண்டும். குழியை மூடித் தட்டிவிட்டு அடுத்த வெடிப்பு. குனிந்தால் வரப்பு முடிகிறவரை குனிந்ததுதான். அம்மாவுக்கு இது பதினாறாவது வருஷம்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் குடியிருப்புக்குப் பெயரே ‘மார்ச் ஒன்பது’. அந்தத் தேதியில்தான் அறுபது குடும்பம் அரசாங்க மணலில் இறங்கி, சுண்ணாம்பால் கோடு போட்டு, நாணல் தட்டி நட்டு, கூரைக்குக் கூரை கொடி ஏற்றினோம். அங்கே மணலுக்குச் சொந்தக்காரன் அதில் நிற்கிறவன்தான். நகராட்சி குமாஸ்தா பட்டியலோடு வந்து கதவைத் தட்டுவார். திறக்கிற ஆளின் பேரில் மனை பதிவாகும். திறக்காவிட்டால் ‘காலி’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். அதற்காகவே இரண்டு வருஷமாக முறை வைத்துக் காவல் இருந்தோம்; குமாஸ்தாவைக் கண்டதும் காவலுக்கு இருப்பவர் போன் போட்டு எல்லாரையும் வரவழைக்க வேண்டும்.

நாங்கள் குடியேறுவதற்கு முன்பே நெடுஞ்சாலை அகலமாகிறது என்ற பேச்சு வந்திருந்தது; அப்போதிருந்தே தலைநகர் லீமாக்காரர்கள் கறுப்புக் கண்ணாடி போட்ட கார்களில் வந்து மணலை அள்ளி அள்ளிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு ஒரே குஷி. இப்போது பிடித்துக்கொண்டால் பத்து வருஷத்தில் கடைத்தெருவே நம் வாசலுக்கு வரும் என்று வாடகை அறையைக் காலி செய்யவைத்து அம்மாவை நாற்பத்தொன்றாம் மனைக்கு இழுத்து வந்தவள் நான்தான்.

அந்த ஞாயிறு காவல் முறையும் அம்மாவுடையது. ஆனால் குடியிருப்புச் சங்கத் தலைவர் எதில்பெர்த்தோ முதல்நாள் வாசல் வாசலாக வந்தார். தோட்டத்தில் எங்கள் குழுவுக்கு மேஸ்திரியும் அவர்தான், கோயிலில் ஞானஸ்நானத்தன்று என்னை ஏந்திய ஞானத்தகப்பனும் அவர்தான். குமாஸ்தா அடுத்த வாரம்தான் வருகிறார், நாளைக்குத் தோட்டத்தில் ரெட்டைக் கூலி, எல்லாரும் போங்கள், காவலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அம்மா தயங்கினாள். நான்தான் அவள் கத்தியை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

சாயங்காலம் மணல்காற்றுக்கு முகத்தை மூடிக்கொண்டு லாரியிலிருந்து இறங்கினோம். அறுபது கதவிலும் சிவப்பு மையில் ‘காலி’. தெருமுனையில் நீச்சல்குளம் வரைந்த புது வீட்டுமனை விளம்பரப் பலகை.

எதில்பெர்த்தோ ஓடவெல்லாம் இல்லை. ஒரு வண்டியில் தன் கட்டிலை ஏற்றிக்கொண்டிருந்தார். குமாஸ்தா வருகிற தேதி உனக்கு முன்னாலேயே தெரியுமா என்று அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அவர் கயிற்றை இறுக்கியபடியே பேசினார்.

“மூணு கம்பெனி இந்த மணலுக்கு அடிச்சிக்குது நெலிதா. உங்கள எப்படியும் விட்டுவைக்க மாட்டாங்க. ஒருத்தனாவது பொழச்சுக்கிட்டா தப்பா?”

“பொழச்சுக்க. ஆனா கோயில்ல என் பிள்ளைய ஏந்துன கையாலயே எங்கள லாரியில ஏத்திவிட்டியே.”

அவர் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு ஏறிக்கொண்டார். வண்டி போய்விட்டது. என்னால்தான் காவல் போனது என்று அம்மா அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

பொதுச் சமையல் அடுப்பைச் சுற்றி எல்லாரும் கத்தினார்கள். கடைசியில் பக்கத்து மனை ஃபோர்துனாத்தோ அண்ணன்தான் ஒரு விஷயம் சொன்னார். எப்போதும் நக்கலாகவே பேசுகிறவர், அன்றைக்குச் சிரிக்கவில்லை. கதவில் ஆள் இல்லையென்றால் நமக்கு நஷ்டம், சரி; வரப்பில் ஆள் இல்லையென்றால் யாருக்கு நஷ்டம் என்றார். இரண்டு நாள் வெட்டாமல் விட்டால் ஆஸ்பராகஸ் மணலைப் பிளந்துகொண்டு வந்து தலை விரிந்துவிடும். அப்புறம் அது மாட்டுக்குத்தான்.

திங்கள் விடியலில் லாரி வந்தது. யாரும் ஏறவில்லை. அவரவர் கதவுக்கு முன்னால் நின்றோம். வெயில் ஏறும் நேரத்தில் தோட்ட முதலாளி மொந்தால்வோ வந்தார். எங்கள் பக்கம் முதலாளியை ‘இன்ஜினியர்’ என்றுதான் கூப்பிடுவோம்.

“நிலம் வாங்குறது வேற கம்பெனி. எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. ஏறுங்க” என்றார்.

“சம்பந்தமில்லாத கம்பெனிக்கா இன்ஜினியர், நேத்து ரெட்டைக் கூலி குடுத்து எங்களப் புடிச்சு வச்சீங்க?” என்றாள் அம்மா.

“நாளைக்கே மலையிலேருந்து ரெண்டு பஸ் ஆள எறக்குவேன்.”

“எறக்குங்க. நாங்களும் மலைக்காரங்கதான். மணலுக்குள்ள தண்டு எங்க இருக்குன்னு வெரலு சொல்றதுக்கே ஆறு மாசம் ஆச்சு எங்களுக்கு.”

இன்ஜினியர் குரலைத் தணித்தார். பாதிப் பேராவது வெட்ட வந்தால் மறுபதிவுக்கு நகராட்சியில் தானே பேசுவதாகச் சொன்னார். சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. நாலு பிள்ளைக்காரர் அப்தியாஸ் போய் லாரிப் படியில் ஒரு காலை வைத்துவிட்டார். யாரும் அவரைத் திட்டவில்லை. அவர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு காலை எடுத்துக்கொண்டு தன் கதவுக்கே வந்து நின்றார். லாரி காலியாகத் திரும்பியது.

மத்தியானம் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்துப் பெண்கள் ஒரு மூட்டை சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு வந்தார்கள். அவர்கள் குடியிருப்பிலும் வருகிற ஞாயிறு ரெட்டைக் கூலி என்று அறிவித்திருக்கிறார்களாம். நாங்களும் போகப்போவதில்லை, அன்றைக்கு உங்களோடு நகராட்சி வாசலுக்கு வருகிறோம் என்றார்கள். அம்மா மூட்டையின் மறுமுனையைப் பிடித்து இறக்கினாள்.

குமாஸ்தா இன்னும் திரும்பி வரவில்லை. கதவுகளில் சிவப்பு மை அப்படியே இருக்கிறது. இன்று சாயங்காலம் கூட்டம்: இன்ஜினியர் பேச்சை நம்பிப் பாதிப் பேரை அனுப்புவதா, மறுபதிவு நடக்கிறவரை ஒருவர்கூடக் கத்தியைத் தொடாமல் நிற்பதா? நான் நிற்பதற்குத்தான் கை தூக்குவேன், ஆனால் போன தடவை நம்பிக் கெடுத்தவளும் நான்தான். அதனால் உங்களையும் கேட்கிறேன், நீங்கள் என் இடத்தில் இருந்தால் எதற்குக் கை தூக்குவீர்கள்?