ஏழாம் நம்பர் வீட்டு வலி

ஏழாம் நம்பர் வீட்டு முனிலட்சுமி பச்சை மிளகாயைக் கடித்தால் எட்டாம் நம்பர் வீட்டு மணிமேகலைக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ராயக்கோட்டைப் பக்கம் விலை போகாத தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போன வருஷம் அது. ஆளாளுக்கு அவரவர் கண்ணீர் இருந்ததால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓசூருக்கு வெளியே, கம்பெனி பஸ்கள் திரும்புகிற இடத்தில் இருக்கிறது அந்த லைன் வீடு. வரிசையாகப் பத்து குடித்தனம், மேலே ஒரே ஷீட்டுக் கூரை, எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே உள்ள சுவர் ஒற்றைச் செங்கல் தடிமன். அதனால்தான் காரம் கடந்து வருகிறது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டு, பூசித் தருவதாக வாக்களித்தார். பூசவில்லை.

காரணம் சுவர் அல்ல, எங்கள் சபை. டயர் கடைக்கு மேல் மாடியில் கூடுகிற சிறிய சபை அது. பாஸ்டர் பெயர் பரமசிவம். ஞானஸ்நானத்தின்போது பெயரை மாற்றச் சொன்னார்கள்; அப்பா வைத்தது என்று விட்டுவிட்டார். ஊழியத்துக்கு வருமுன் கூரியர் கம்பெனியில் இருந்தவர். ஓர் உபவாச ஜெபத்தில் அவர், "பொத்தாம்பொதுவா ஜெபிக்காதீங்க. எல்லாரையும் ஆசீர்வதியும்னா ஆண்டவர் எங்கன்னு கொண்டுபோய் எறக்குவாரு? பேரு, டோர் நம்பர் சொல்லி ஜெபிங்க" என்றார். நாங்கள் அத்தனை பேரும் சொந்த வீட்டு நம்பரைச் சொன்னோம். புதிதாக மனை வாங்கிய ஒருவர் சர்வே நம்பரையும் சேர்த்துக்கொண்டார். மணிமேகலை கெலமங்கலம் பக்கத்துக் கூலிக் குடும்பத்துப் பெண், விசுவாசத்துக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. இந்த விவரமெல்லாம் தெரியாமல், என்னை நான் நேசிப்பதுபோலவே ஏழாம் நம்பர் முனிலட்சுமி அக்காவையும் நேசிக்க வையும் ஆண்டவரே என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். அன்று காலையில்தான் குழாயடியில் முனிலட்சுமி அவளுடைய குடத்தை உதைத்துத் தள்ளியிருந்தாள்.

முதலில் மிளகாய். பிறகு முனிலட்சுமி கல்லில் கால் இடித்துக்கொண்டால், வண்டிகளுக்கு வயர் கட்டுகிற கம்பெனியில் நின்றபடி வேலை செய்யும் மணிமேகலை நொண்டினாள். முனிலட்சுமி வெற்றிலை போட்டால் இவளுக்குத் தலை சுற்றியது. சபையில் இதைச் சாட்சியாகச் சொன்னபோது கை தட்டினோம். கை தட்டிய கையோடு, பிறனைத் தன்னைப்போல் நேசிக்கக் கேட்கிற அந்த ஒரு ஜெபத்தை மட்டும் அவரவர் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிட்டோம். வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டிருந்த இரண்டு குடும்பம் மூலை வீடாகக் கேட்டது.

மழைக்காலத்தில் மணிமேகலை வேலை செய்யும் இடத்திலேயே விழுந்தாள். முதுகெலும்பில் யாரோ திருப்புளியை வைத்துத் திருகுவதுபோல் வலி. கம்பெனிக்காரர்கள் ஸ்கேன் எடுக்க வைத்தார்கள், அவள் முதுகு சுத்தமாக இருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. நேரே ஏழாம் நம்பர் வாசலுக்குப் போய் நின்றாள்.

"அக்கா, உனக்கு முதுகுல என்னமோ இருக்குது. போய்க் காட்டு."

"எம் முதுகு உனக்கு எப்படிறீ தெரியும், சனியனே? தேவுடா, இவளோட ரோதனை!"

பேரிகைப் பக்கம் ரோஜா வளர்க்கிற பசுமைக் குடில்களில் குனிந்தே வேலை பார்த்தவள் முனிலட்சுமி. புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை இல்லை. அந்த வலியைக் குனிந்த வலி என்றே வைத்திருந்தாள். மணிமேகலைதான் பெங்களூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே கட்டி என்றார்கள், பரவிவிட்டது என்றார்கள், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

அதன் பிறகு மணிமேகலை ஒரே ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். ஒரு டிரம் தண்ணீரை இரண்டு பேர் தூக்கினால் ஆளுக்குப் பாதி. தான் படுகிறது முனிலட்சுமிக்குக் கழியத்தானே வேண்டும்? ஒருவர் பட்ட பாட்டில் மற்றவர்களுக்குச் சுகம் கிடைத்தது என்றுதானே ஞாயிறு தவறாமல் மாடியதிரப் பாடுகிறோம்? தினமும் காலையில் சுவரில் தட்டிக் கேட்பாள்.

"குறைஞ்சுதாக்கா?"

"மண்ணு குறைஞ்சுது. போயி வேலையப் பாரு."

வேலை அதற்குள் போய்விட்டிருந்தது. கணவன் ராஜசேகர் சபைக்கு வராதவன், போகிறவளைத் தடுக்காதவன். அவன் மத்திகிரியில் வேறு வீடு பார்த்துவிட்டு வந்தான். அவள் வரமாட்டேன் என்றாள். அவனே போய்ப் பாஸ்டரை அழைத்துவந்தான். மணிமேகலை பாஸ்டரைக் கேட்டாள்: "நானும் முழுசாப் படறேன், அக்காவும் முழுசாப் படுது. இதுல யாருக்கு என்னா லாபம் பாஸ்டர்? சிலுவையில அவரு பட்டப்ப மட்டும் எப்படிக் கழிஞ்சுது?"

பரமசிவம் வேதத்தைத் திறந்தார், மூடினார். "அவரு ஆண்டவரும்மா. நீ கம்பெனி லேபர்" என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது தாங்கவில்லை. வெளியே போய்த் துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து அழுதார். நாங்கள் இருவருக்காகவும் ஊக்கமாக ஜெபித்தோம். டோர் நம்பர் சொல்லாமல்தான்.

தை பிறந்த பிறகு ஒருநாள் காலையில் முதல்முறையாக அந்தப் பக்கத்திலிருந்து சுவர் தட்டப்பட்டது.

"ஏ மேகலா. இன்னிக்குக் குறைஞ்சிருக்குதுறீ. பாதிகூட இல்ல. உங்க சாமி கெட்டிக்காரன்தான் போ."

எட்டாம் நம்பரில் மணிமேகலை வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு தரையில் கிடந்தாள். அதுவரை வந்த வலியெல்லாம் ஒத்திகை என்பதுபோல் இருந்தது அன்றைய வலி. ஏழாம் நம்பரில் அது எவ்வளவு என்று உலகத்தில் இன்னொருத்திக்குத் தெரியுமென்றால் அது அவளுக்குத்தான். துண்டை எடுத்தாள். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள்.

"ஸ்தோத்திரங்க்கா. நான்தான் சொன்னேனில்ல?"

"சொன்ன, சொன்ன. கொஞ்சம் தூங்குறீ இனிமேலாச்சும்."

மத்தியானம் முனிலட்சுமி இறந்தாள். ஏழாம் நம்பரில் சாமான்களை நகர்த்தி ஆட்கள் உள்ளே போக வழிசெய்த கையோடு நாங்கள் எட்டாம் நம்பரில் கூடினோம். எங்களுக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டியிருந்தது. முனிலட்சுமி ஞானஸ்நானம் எடுக்காதவள். அவள் எங்கே போவாள் என்று சபையில் இரண்டு கட்சி இருந்தது. அதைவிட, மெய்யாகச் சொன்னால், எங்கள் கவலை எங்களைப் பற்றியது. சாவின் வாசல்வரை கூடவே போய்த் திரும்பி வந்தவள் ஒருத்தி எதிரே உட்கார்ந்திருக்கிறாள். விட்டால் வேறு யாரைக் கேட்பது?

"என்னாம்மா பார்த்த?" என்றார் மனை வாங்கியவர்.

"வலி நின்னுது."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணியும் இல்லீங்க. மோட்டார் நின்ன மாதிரி இருந்துது."

வெளிச்சம், பாட்டு, ஒரு கை, ஏதாவது? இல்லை. டீ வந்தது, குடித்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் காணிக்கையின் அவசியத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். மறுமைக் கரையில் சந்திப்போம் என்கிற பாட்டு வந்தபோது தபேலா மட்டும்தான் சத்தமாகக் கேட்டது. கடைசி வரிசையில் மணிமேகலை உதட்டை அசைத்தாள். குரல் வந்ததா என்று திரும்பிப் பார்க்க எங்களுக்குத் தைரியம் இல்லை.

வெயில்காலம் முழுக்க ஏழாம் நம்பர் காலியாகக் கிடந்தது. அந்த மாதங்களில் அவளுக்கு எதுவுமே உறைக்கவில்லை என்று ராஜசேகர் சொன்னான். கொதிக்கிற குழம்பை அப்படியே வாயில் ஊற்றிக்கொண்டாளாம். ஜெபத்தில் நம்பரை மாற்றிவிடச் சொல்லி அவனும் கெஞ்சினான், பாஸ்டரும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள், மாற்றவில்லை. ஆடியில் வீட்டுக்காரர் வெள்ளையடித்து, ஒடிசாவிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த நான்கு பேருக்கு வீட்டை விட்டார். அந்த வாரமே குழாயடியில் மணிமேகலை குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குள் போய் ஒரு கிராம்பை நசுக்கி எடுத்துக்கொண்டு ஏழாம் நம்பர் கதவைத் தட்டினாள். தமிழ் தெரியாத நான்கு பேரும் விழித்தார்கள். கன்னம் வீங்கியிருந்தவன் முன்னால் வந்தான்.

இப்போது லைனில் இது வழக்கமாகிவிட்டது. அந்த நால்வரில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று தெரிய வேண்டுமானால் அவர்களை வேலைக்குக் கூட்டிப்போகிற மேஸ்திரி எட்டாம் நம்பரில் வந்து விசாரிக்கிறார். மணிமேகலை சொல்வாள், மருந்தோ கஞ்சியோ கொண்டுபோய்க் கொடுப்பாள், வாசலிலேயே திரும்பிவிடுவாள். குறைந்ததா என்று அவள் இப்போது யாரையும் கேட்பதில்லை.