கெட்டுப்போகாத போன்

"எது ரொம்ப நாள் உழைக்கும், நேரியோ?" என்று கேட்டுக்கொண்டு போனும் கம்ப்யூட்டரும் பழுது பார்க்கிற என் வீட்டு முன்னறைக்கு வருகிறவர்கள் யாருக்கும் உண்மையில் பதில் தேவையில்லை. மனத்துக்குள் ஒரு பளபளப்பை ஏற்கெனவே வாங்கி முடித்திருப்பார்கள். என் வாயால் ஒரு 'நல்லது' கேட்டுவிட்டுப் போக வருகிறார்கள். எனக்கோ வாய் அடங்காது. மராக்காய்போ வெயிலில், ஒரு நாளைக்கு நாலு தடவை கரண்ட் போய் வருகிற ஊரில், அப்பளம் மாதிரி இருக்கிற போனை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவேன். கேமராவைப் பார்க்காதே, முதுகைப் பார். நகத்தால் நெம்பினால் பின்மூடி திறக்க வேண்டும். பேட்டரி தனியாகக் கழன்று வர வேண்டும். கனமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். உதிரிப் பாகம் சந்தையில் கிடைக்குமா என்று வாங்குவதற்கு முன்னால் விசாரி, வாங்கிய பிறகு இங்கே வந்து மூக்கைச் சிந்தாதே.

என் பேச்சை ஒன்று விடாமல் கேட்டு வாங்கிய போன் இந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான். அதையும் நானே வாங்கினேன், என் மனைவி மிக்தாலியாவுக்கு.

நாலு வருஷத்துக்கு முன்னால், சிலேயின் தெற்கே தெமூக்கோவில் இருக்கிற எங்கள் மகள் யொலேய்டாவின் பிரசவத்துக்கு மிக்தாலியா புறப்பட்டாள். மூன்று மாதம் என்று பேச்சு. பஸ்ஸில் மட்டுமே ஒரு வாரத்துக்கு மேல் போக வேண்டும். நான் பதினோரு நாள் சந்தையைச் சல்லடை போட்டுச் சலித்து, கட்டட வேலைக்காரர்களுக்கென்றே செய்த ஒரு தடியான போனைப் பிடித்தேன். கூடவே இரண்டு மாற்றுப் பேட்டரி, ஒரு ரப்பர் உறை. அவள் கண்ணெதிரே அதை மேஜையிலிருந்து தரையில் போட்டுக் காட்டினேன்.

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று அலறினாள்.

"எடுத்துப் பாரு. கீறல் இருக்கா?"

"ஊருக்குப் போற பொண்டாட்டிகிட்ட எவனாவது போனைத் தூக்கிப்போட்டுக் காட்டுவானா? வேற எதுவும் சொல்றதுக்கு இல்லையா உனக்கு?"

இருந்தது. ஆனால் அந்த நேரத்தில், வழியில் யாராவது பிடுங்கிக்கொண்டு ஓடினால் என் கம்ப்யூட்டரிலிருந்தே போன் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம், பூட்டியும் விடலாம் என்பதைச் சொன்னேன். அதற்கான ஏற்பாட்டைச் செய்துகொடுத்தேன். அவள் தலையை ஆட்டிவிட்டு மாந்தோக்காவைப் பொட்டலம் கட்டப் போய்விட்டாள். வாழைப்பழமும் வெல்லமும் சேர்த்துச் சுட்ட அந்தப் பண்டம் பொலிவியா தாண்டும் வரைக்கும் தாங்கியது என்று பிற்பாடு எழுதினாள்.

மூன்று மாதம் நாலு வருஷமாகிவிட்டது. முதலில் குழந்தை கைக்குழந்தை. அப்புறம் யொலேய்டாவுக்கு வேலை கிடைத்தது. அப்புறம் குளிர்காலம், அப்புறம் அங்கே தங்குவதற்கான காகிதங்கள். ஒவ்வொரு காரணமும் தனியாகப் பார்த்தால் நியாயமானதுதான். எப்போது வருகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வந்துவிடுமே என்று பயம்.

தினமும் காலையில் பூப்போட்ட படம் ஒன்று அனுப்புவாள். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை சில சமயம் கூப்பிடுவாள்.

"போன் எப்படி இருக்கு?" என்பேன்.

"நல்லா இருக்கு."

"சூடாகுதா?"

"இல்ல."

"சார்ஜ் நிக்குதா?"

"ரெண்டு நாள் நிக்குது."

அதோடு பேச்சு முடிந்துவிடும். முப்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் நாங்கள் இப்படித்தான் பேசியிருக்கிறோம். மிக்ஸி நின்றுபோனால், மின்விசிறி முனகினால், இஸ்திரிப்பெட்டி காயாவிட்டால், அவள் வந்து என் வேலை அறை வாசலில் சாய்ந்து நிற்பாள். பழுதைச் சொல்வாள், கூடவே தெரு முழுதும் நடந்ததையும் சொல்வாள். நான் திருகாணியைக் கழற்றியபடி கேட்டுக்கொண்டிருப்பேன். சண்டை, சமாதானம், சிரிப்பு எல்லாமே ஏதாவது ஒரு உடைந்த சாமானைச் சுற்றித்தான் நடந்தது. பழுது இல்லாமல் அவள் என்னிடம் வந்து நின்றதாக எனக்கு நினைவே இல்லை.

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ராத்திரி சாப்பிட்ட பிறகு தினமும் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். வரைபடத்தில் தெமூக்கோ, அதில் ஒரு தெரு, தெருவில் ஒரு பச்சைப் புள்ளி. அதுதான் மிக்தாலியா. புள்ளி எப்போதும் வீட்டின் மேலேயே இருக்கும். குளிரில் எங்கே போவாள், குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அவளுக்குத் தெரியாமல் பார்ப்பது தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பார்க்காத நாளில் சோறு செரிக்காது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த என் பிழைப்பில் மண்ணைப் போட்டது சிங்காவின் கம்ப்யூட்டர்.

சிங்கா எதிர்வீட்டுக்காரி, யொலேய்டாவின் ஞானத்தாய். அந்த உறவில் என்னைக் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிடுவாள். அவள் மகன் எவெலியோ பனாமாவில் இருக்கிறான். ஒரு நாள் தெருவைத் தாண்டி வந்து, "இன்டர்நெட் செத்துப்போச்சு கொம்பாத்ரே, எந்தப் பக்கமும் தொறக்க மாட்டேங்குது" என்றாள்.

போய்ப் பார்த்தேன். இன்டர்நெட் நன்றாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டரின் தேதி மட்டும் பல வருஷம் பின்னால் போய் நின்றது. இந்த ஊரில் எல்லோரும் செய்கிற காரியம் இது. கரண்ட் திரும்பி வரும்போது அடிக்கிற அடிக்குப் பயந்து, வேலை முடிந்ததும் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார்கள். அப்போது உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரிதான் தனியாக நின்று கடிகாரத்தை ஓட்ட வேண்டும். அது சீக்கிரமே தீர்ந்துவிடும். காலையில் போட்டால் கம்ப்யூட்டர் பழைய தேதியில் விழிக்கும். தேதி தப்பாக இருக்கிற கம்ப்யூட்டரை எந்தத் தளமும் நம்பாது.

"எத்தனை நாளா இப்படி?"

"ஒரு வருஷமா. எவெலியோ ஞாயித்துக்கிழமை போன்ல சொல்லுவான், அதை அமுக்கு இதை அமுக்குன்னு. தேதியை மாத்துனா தொறந்துக்கும். மறுநாள் மறுபடியும் போயிடும்."

பேட்டரியை மாற்றினேன். பத்து நிமிஷ வேலை. இனி பிளக்கைப் பிடுங்கினாலும் இரண்டு மூன்று வருஷத்துக்குக் கவலையில்லை என்று சொல்லி, அவள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு நிமிர்ந்த தலையோடு வீடு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து சிங்கா வந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

"யாரு உங்களை முழுசா சரிபண்ணச் சொன்னது?"

"என்ன ஆச்சு? மறுபடி போயிடுச்சா?"

"போகலையே! அதுதானே வயித்தெரிச்சல். மூணு ஞாயிறு ஆச்சு, எவெலியோ கூப்பிடலை. நானே கூப்பிட்டா, 'அம்மா, கம்ப்யூட்டர் ஓடுதா? ஓடுதுல்ல? சரி, வெச்சுடறேன்'ங்கறான். முன்னெல்லாம் முக்கா மணி நேரம் பேசுவான். நான் வேணும்னே தப்பான பட்டனை அமுக்குவேன். அவன் தலையில அடிச்சுக்குவான். நடுவுல என்ன சமைச்சேன்னு கேப்பான், மருமக மேல குறை சொல்லுவான். எல்லாம் போச்சு. நல்லா உழைக்கிற மாதிரி பண்ணிட்டீங்க கொம்பாத்ரே. உங்க கையில இடி விழ!"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"இதுல என்ன சிரிப்பு? மிக்தாலியாவுக்கு இரும்புல ஒரு போன் வாங்கிக் குடுத்து அனுப்புனீங்களே. ஒரு தடவையாவது கெட்டுப்போச்சுன்னு கூப்பிட்டாளா?"

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவள் போன பிறகு, பிரித்துப் போட்டிருந்த ஒரு லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தேன். பதினோரு நாள் அலைந்து நான் என்ன வாங்கினேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு நான் தேவைப்படாமல் போவதற்கு ஒரு பொருளைத் தேடித் தேடி வாங்கியிருக்கிறேன். இந்த வயதில் அழுவதாவது என்று முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

அதற்கப்புறம் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பேட்டரி உப்பியிருக்கிறதா பார் என்று எழுதினேன். இல்லை என்றாள். மழையில் நனைந்தால் உடனே என்னைக் கூப்பிடு என்று எழுதினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். சனிக்கிழமை மத்தியானம் பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், யாருக்கும் செய்யாத காரியத்தை அவளுக்குச் செய்தேன். போனைப் பூட்டும் பொத்தானை அழுத்தினேன். புதுக் கடவுச்சொல் ஒன்று போடச் சொன்னது. 'திரும்பிவா' என்று போட்டேன்.

முப்பது வருஷமாகப் பழுது பார்க்கிறவன் முதன்முதலாக ஒரு பழுதை உண்டாக்கியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. அவள் கூப்பிடும்போது ஒன்றும் தெரியாதவன்போல, திரையில் என்ன தெரிகிறது, நிதானமாகச் சொல் என்று ஆரம்பிக்க வேண்டும். பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடிக்கச் சொல்ல வேண்டும். முக்கால் மணி நேரமாவது இழுக்க வேண்டும். கடைசியில் நானே இங்கிருந்து வேறு ஏதாவது சொல்லுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டால், 'திரும்பிவா' என்ற அந்தச் சொல் யாருக்கும் தெரியப்போவதில்லை. போட வேண்டும் என்று தோன்றியது, போட்டேன், அவ்வளவுதான். சட்டையை மாற்றிக்கொண்டு, ஏனோ தலையையும் சீவிக்கொண்டேன். கரண்ட் போயிற்று. கம்ப்யூட்டர் அணைந்தது. இருபது நிமிஷத்தில் போன் அடித்தது.

"நேரியோ, அந்தப் பழைய போன் பூட்டிக்கிச்சு. கடவுச்சொல் கேக்குது."

"எந்தப் பழைய போன்?"

"நீ வாங்கிக் குடுத்ததுதான். புள்ள கார்ட்டூன் பாக்குறாளே, அது. அழுது ஊரைக் கூட்டுறா."

பின்னால் பேத்தியின் அழுகை கேட்டது.

"அப்ப நீ எதுலேர்ந்து பேசுறே?"

"என் போன்லேர்ந்து. போன மார்ச்லேர்ந்து இதுதான். நம்பர் அதேதான். யொலேய்டா புதுக் கணக்கு போட்டுக் குடுத்தா."

"ஏன், அது கெட்டுப்போச்சா?"

"அது எங்கே கெட்டுப்போகுது! உன் பேத்தி மாடியிலேர்ந்து போட்டா, சூப்புல முக்கினா. ஒன்னும் ஆகலை. அதனாலதான் அவகிட்ட குடுத்தேன். எனக்கு வேலைக்குக் கொண்டுபோக இது லேசா இருக்கு."

"வேலையா?"

"ரொட்டிக் கடையில. காலையில ஆறு மணிக்கு. ஒன்றரை வருஷமாச்சு. இன்னைக்கு லீவு."

ஒன்றரை வருஷமாக அவள் பனியில் விடியுமுன் நடந்துபோயிருக்கிறாள். கடந்த மார்ச்சிலிருந்து நான் பார்த்துப் பார்த்து நிம்மதியடைந்த புள்ளி, குழந்தையின் விளையாட்டுச் சாமான்.

"சொல்லவே இல்லையே, மிக்தாலியா."

"நீ கேக்கலையே. சார்ஜ் நிக்குதான்னுதானே கேப்பே." அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குத் தேவலை. பிறகு, "நீதான் பூட்டினியா?" என்றாள்.

"ஆமா."

"ஏன்?"

குழந்தை வீறிட்டது. "சரி விடு, கடவுச்சொல்லைச் சொல்லு" என்றாள்.

கரண்ட் இருந்திருந்தால், பொறு, மாற்றித் தருகிறேன் என்று தப்பித்திருப்பேன். என் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன், சுற்றிக்கொண்டே இருந்தது. வேறு வழியில்லை.

"திரும்பி வா" என்றேன்.

"என்ன?"

"கடவுச்சொல். திரும்பிவா. எல்லாம் சின்ன எழுத்து. நடுவுல இடம் விடாதே."

அந்தப் பக்கம் விரல் தட்டுகிற சத்தம், ஒவ்வோர் எழுத்தாக, நிதானமாக. நான் எழுத்துகளை எண்ணினேன். கார்ட்டூன் பாட்டுக் கேட்டது, குழந்தையின் அழுகை நின்றது.

"தொறந்துடுச்சு" என்றாள்.

"சரி."

"நேரியோ." கார்ட்டூன் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்து பேசினாள். "இதை மாத்திடறேன். தினமும் என்னால இதை அடிக்க முடியாது."

நான் அவளைத் தடுக்கவில்லை. எதுவாக மாற்றப் போகிறாய் என்று மட்டும் கேட்டேன்.

"ஒன்னு ரெண்டு மூணு நாலு" என்றாள் மிக்தாலியா.